ஓரகத்திக்கு ஒரு செம்புத் தண்ணீர்

என் கொழுந்தன் பெண்டாட்டி எதைக் கேட்டாலும் ஏலாக்குறிச்சி மாதா கொடுத்துவிடுவாள். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, வயிறு எரிந்துதான் சொல்கிறேன். நானும் அதே மாதாவிடம்தான் கேட்டேன். பெரம்பலூரில் ஒரே பஸ் ஏறி, அரியலூரில் மாறி, கோயிலில் பக்கத்தில் பக்கத்தில்தான் முழங்காலில் நிற்போம். அவளுக்குக் கேட்டது கிடைக்கும். எனக்கு முழங்கால் காய்த்ததுதான் மிச்சம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மழை பொய்த்து, அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக இருந்த பழைய கிணறு வற்றிப்போனது. ஆளுக்கொரு கிணறு வெட்ட ஆரம்பித்தோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரப்புதான். கொழுந்தன் கிணற்றில் சீக்கிரமே ஊற்று திறந்துகொண்டது. எங்கள் கிணற்றில் பாறைக்குக் கீழே பாறை.

புதுக் கிணற்றின் முதல் தண்ணீரில் ஒரு செம்பு பங்காளி வீட்டுக்குக் கொடுப்பது எங்களில் வழக்கம். அவள் கொண்டுவந்து நீட்டினாள். உப்புக் கரிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே வாங்கிக் குடித்தேன். இளநீர் போல இருந்தது. அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் என் முகவாட்டத்தைப் பார்த்துவிட்டு அவள், "கேட்டுட்டு நம்பாம இருந்தா எப்படிக்கா? கேக்குறது நம்ம வேல, குடுக்குறது அவங்க வேல" என்றாள்.

தண்ணீர் உள்ளவளுக்கு நம்பிக்கைக்கு என்ன பஞ்சம்?

எங்கள் வெங்காயம் தாள் மடங்கிக் கிடந்தது. அவள் வயல் மட்டும் பச்சை கட்டி நின்றது. காலையில் கதவைத் திறந்தால் அதில்தான் முழிக்க வேண்டும். ஒருநாள் என் வீட்டுக்காரர் வந்து, "இன்னும் ஒரே ஒரு வெடி வச்சுப் பாப்போம். அதுக்கும் தண்ணி வரலன்னா நெலத்த வித்துட்டுக் கல்லு ஒடைக்கப் போயிட வேண்டியதுதான்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

வீட்டிலிருந்த மாதா படத்தின் முன்னால் போய் நின்றேன். செபம் வரவில்லை, சண்டைதான் வந்தது. "அவ கேட்டா மட்டும் காது கேக்குது, நான் கேட்டா கேக்காதா? அவளுக்குக் குடுத்தத எனக்குக் குடு" என்றேன். அந்தக் கடைசி வார்த்தையை யோசித்துச் சொல்லவில்லை.

மறுநாள் வெடி வைத்தார்கள். புகை அடங்கியதும் கிணற்றுக்குள்ளிருந்து ஆட்கள் கத்தினார்கள். பாறை பிளந்து, தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன்.

பொழுது சாய்வதற்குள் அந்தப் பக்கம் கொழுந்தனின் தண்ணீர் இறைக்கும் இஞ்சின் வெறும் காற்றை இழுத்தது. கிணறு வெட்டியவர் வந்து இரண்டையும் எட்டிப் பார்த்தார். "ஊத்து ஒண்ணுதாங்க. அவங்களுது மேல கெடந்துச்சு, நீங்க கீழ ஒடச்சுட்டீங்க. அம்புட்டும் எறங்கி இங்க வந்துருச்சு" என்றார்.

கேட்டதைக் கேட்டபடியே கொடுத்திருந்தாள் மாதா.

ஆனாலும் வழக்கத்தை விட முடியுமா? செம்பை எடுத்துக்கொண்டு போனேன். அவள் தண்ணீரை அவளுக்கே கொண்டுபோனேன். வாங்கிச் சிலுவை போட்டுக்கொண்டு குடித்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சுளிப்பு, ஒரு பெருமூச்சு, ஏதாவது வராதா? திட்டியிருந்தால்கூட நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன்.

"நல்ல தண்ணிக்கா. மாதா உங்களக் கைவிட மாட்டாங்கன்னு சொன்னேன்ல?"

"ஒன் கெணறு வத்திப்போச்சேடி."

"அதையும் அவங்ககிட்ட சொல்லிட்டேன். வழி வச்சிருப்பாங்க."

எங்கள் வயல் நிறையத் தண்ணீர் ஓடியது. ஆனால் வற்றிய கிணற்றின் பக்கத்தில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வராது. முன்பு அவள் தண்ணீரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது தண்ணீர் என்னிடம் இருந்தும் அவளைப் பார்த்தால் வயிறு எரிந்தது.

அவளுடைய வெங்காயம் வாட ஆரம்பித்தது. கதவைத் திறந்தால் இப்போது அதில் முழிக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரரை எழுப்பி, "மம்பட்டிய எடுங்க. வரப்ப வெட்டி அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால் விடுங்க. பாக்கச் சகிக்கல" என்றேன்.

தண்ணீர் வரப்பைத் தாண்டியதும் வயலின் அந்தக் கோடியிலிருந்து அவள் ஓடிவந்தாள். சேற்றில் நின்று கையைத் தூக்கிக் கத்தினாள்:

"மாதா குடுத்துட்டாங்கக்கா!"

வாய்க்கால் வெட்டியவர் என் வீட்டுக்காரர். வெட்டச் சொன்னவள் நான். எங்கள் இருவரையும் அவள் கண்டுகொள்ளவே இல்லை. அவள் கேட்டது அந்தத் தடவையும் கிடைத்துவிட்டது, அதுவும் என் கையாலேயே. அந்த எரிச்சல் எனக்கு இன்றுவரை அடங்கவில்லை.