ஹார்லன் புரூபேக்கரின் கடைசிக் கொம்புகள்

லவீனா புரூபேக்கரைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வரி எழுதியதில்லை. அவள் புருஷன் ஹார்லனைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். பளபளப்பான தாளில், வண்ணப் படங்களோடு, தலையணை தடிமனில் புத்தகங்கள். அவற்றில் ஒன்றிரண்டு படங்களில் லவீனாவும் இருக்கிறாள். ஹார்லனுக்குப் பின்னால், வெள்ளைக் குல்லாயும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு, முகம் கலங்கலாக. அதனால் நானே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். என் பெயர் நெட்டி. துடைப்பம் கட்டிப் பிழைக்கிறவள். சந்தையில் அவர்களுக்குப் பக்கத்துக் கடை என்னுடையது. எழுதிப் பழக்கமில்லை, ஆனால் கோபம் நிறைய இருக்கிறது.

எங்கள் சந்தை செப்டம்பரில் நடக்கும். இங்கிலாந்து ராஜாவோடு சண்டை போட்ட காலத்தில் எங்கள் பென்சில்வேனியாவில் என்னென்ன சாமான் புழங்கியதோ, அதையெல்லாம் அதே மாதிரி கையால் செய்து, அந்தக் காலத்து உடுப்பையும் மாட்டிக்கொண்டு விற்போம். தகர விளக்கு, மரக் கரண்டி, நீளத் துப்பாக்கி, அந்தத் துப்பாக்கிக்கு வேண்டிய வெடிமருந்துக் கொம்பு. மாட்டுக் கொம்பைக் கொதிநீரில் இளக்கி, சுரண்டி, அடிப்பக்கத்தை மரக்கட்டையால் அடைத்து, நுனியில் துளை போட்டு முளை செருகினால், மழையில் நடந்தாலும் உள்ளே மருந்து நனையாது. கொஞ்சம் பொறுமை இருந்தால் இவ்வளவையும் யாரும் கற்றுக்கொள்ளலாம். விலை அதற்கு இல்லை. மேலே கீறியிருக்கும் சித்திரத்துக்குத்தான் விலை. ஆறு, கோட்டை, கப்பல், மான், நடுவில் கொம்புக்குச் சொந்தக்காரன் பெயர். ஊசிமுனையால் கீறி, விளக்குக் கரியைத் தேய்த்துத் துடைத்தால் கோடு கறுப்பாக எழுந்து நிற்கும். கை ஒரு மயிரிழை தப்பினால் போச்சு. கொம்பில் போட்ட கோட்டை அழிக்க முடியாது.

ஹார்லன் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தவன். நல்ல மனுஷன், கலகலப்பாகப் பேசுவான். கொம்பைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி, வெயிலில் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்குவான். ஆனால் ஊசியை எடுத்தால் கை உதறும். வருஷக்கணக்கில் ரம்பத்தின் முன்னால் நின்று வந்த உதறல் அது. எனக்கு இது தெரிந்தது ஒரு ஜனவரி மத்தியானம். ஸ்வாட்டாரா ஓடைக்கரையில் இருந்த அவர்கள் வீட்டுக்கு ஆப்பிள் ஜாம் கொடுக்கப் போயிருந்தேன். சமையலறை ஜன்னலோரம் லவீனா உட்கார்ந்திருந்தாள். மடியில் கொம்பு, கையில் ஊசி.

"என்னடி இது! இது ஹார்லன் வேலையில்ல?"

"அவன் சுரண்டுவான், நான் கீறுவேன். ரொட்டி அவனோடது, ஜாம் என்னோடது. சாப்பிடறவன் ரொட்டிக்காரனைத்தான் புகழ்றான், நான் என்ன பண்ணட்டும்?"

"எத்தனை கொம்பு இப்படி?"

"எல்லாமேதான்."

அடிக்கட்டையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் 'ஹார்லன் புரூபேக்கர்' என்ற கையெழுத்தைக்கூட அவள்தான் கீறியிருக்கிறாள். சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்டால், அதற்கு ஒரு தடை இருந்தது. அந்தத் தடையின் பெயர் டாக்டர் பிரஸ்டன் விட்லாக்.

டாக்டர் விட்லாக் பல் வைத்தியர். வாரம் முழுக்க ஊரார் வாயைத் திறந்து பார்ப்பார். சந்தை நாட்களில் ஊரார் உடுப்பைப் புரட்டிப் பார்ப்பார். எங்கள் சந்தையில் 'அசல் குழு' என்று ஒன்று உண்டு. அதன் தலைவர் அவர். பொத்தான் எலும்பா பிளாஸ்டிக்கா, தையல் கையா மிஷினா, மூக்குக் கண்ணாடியின் சட்டம் அந்தக் காலத்து வடிவமா என்று பார்த்து, இல்லையென்றால் கடையை மூடச் சொல்லுவார். அவருடைய பொய்ப்பல் மட்டும் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுக்கும். வெடிமருந்துக் கொம்பு என்றால் அவருக்கு உயிர். ஹார்லன் கொம்புகளை அலமாரி அலமாரியாக வாங்கி வைத்திருந்தார்.

அவர் குழுவின் சட்டப்படி, அந்தக் காலத்தில் பெண் யாரும் கொம்பு செய்ததாகச் சான்று கிடையாது. சான்று இல்லாததைச் சந்தையில் காட்டக் கூடாது. ஆக, லவீனா தன் பெயரில் கொம்பு வைத்தால் அது அசல் ஆகாது. பெண்ணுக்கு என்று அவர்கள் ஒதுக்கிய வேலைகள் சமையல், தையல், நூல் நூற்பது. அதனால் ஹார்லன் கடையின் முன்பக்கம் உட்கார்ந்து கொம்பைச் சுரண்டுவான். லவீனா பின்னால் ராட்டையைச் சுற்றுவாள். அவள் நூற்ற நூல் முழத்துக்கு ஒரு தடவை அறுந்துபோகும். அந்த நூலை வைத்து ஒரு பொம்மைக்குக்கூடக் காலுறை பின்ன முடியாது. ஆனால் அது அசல்! யாராவது ஹார்லனிடம், "கொஞ்சம் கீறிக் காட்டுங்களேன்" என்றால், "இங்க வெளிச்சம் பத்தாதுங்க" என்று சிரித்து மழுப்புவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் ஒரு பெண்ணையே ராட்டைக்குப் பின்னால் மறைத்தார்கள்.

ஒரு வருஷம் ஹார்லனுக்குச் சந்தையின் முதல் பரிசு கிடைத்தது. மேடையேறி, தொப்பியைக் கழற்றி, "என் மனைவிக்கு நன்றி சொல்லணும். வேலை நேரத்துல அவ போட்டுத் தர்ற காப்பி இல்லேன்னா இதெல்லாம் நடக்காது" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். லவீனாவும் தட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காப்பியாமே காப்பி! உனக்குச் சூடு சொரணை இல்லையாடி?"

"அடுத்த வருஷம் எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்னு சொல்லியிருக்கான், நெட்டி."

அந்த அடுத்த வருஷம் தள்ளிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஒரு மார்ச் மாதம், லாரியில் விறகு ஏற்றிக்கொண்டிருந்த ஹார்லன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

கண்ணீர் காய்வதற்குள் டாக்டர் விட்லாக் வந்தார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படும் ஜாதி அவர். இடுகாட்டில் ஹார்லனைப் பற்றி அவர் பேசிய பேச்சில் லவீனா இரண்டு முறை வந்தாள், இரண்டு முறையும் பெயர் இல்லாமல். போகும்போது அவளிடம், "விதவைகள் புருஷன் தொழிலைத் தொடர்ந்ததுக்குப் பழைய காலத்துல சான்று இருக்கு லவீனா. நீங்க வேணும்னா கடை போடலாம். மாதிரிக்கு ஒரு கொம்பு அனுப்புங்க, குழு பார்க்கும்" என்றார். புருஷன் சாகாமல் பெண்ணுக்குத் தொழில் கிடையாது என்பதுதான் அந்தச் சான்றின் அர்த்தம். ஆனால் அன்றைக்கு லவீனாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

"சாகறதுக்குள்ள என் பேரை ஒரு தடவை கடைப் பலகையில பார்க்கணும்டி" என்றாள். "பரிசு கிரிசு ஒண்ணும் வேண்டாம். பேர் மட்டும்."

வசந்த காலம் முழுக்க ஒரே கொம்பில் உட்கார்ந்தாள். சஸ்குவஹானா ஆற்றை அதன் வளைவு நெளிவோடு கொண்டுவந்திருந்தாள். கரையில் ஒரு கோட்டை, கோட்டைச் சுவரில் கொடி, கொடிக்குக் கீழே தூங்கி வழியும் காவல்காரன். நான் பார்த்ததிலேயே நல்ல கொம்பு அதுதான். அடிக்கட்டையில் முதல் தடவையாகத் தன் பெயரைக் கீறி அனுப்பினாள்.

ஜூன் மாதம் டாக்டர் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். லவீனா ரிசீவரைக் காதோடு ஒட்டாமல் எனக்கும் கேட்கும்படி பிடித்தாள்.

"ரொம்பக் கவனமா பண்ணியிருக்கீங்க. ஆனா இது நகல், லவீனா. கோடெல்லாம் ஹார்லன் மாதிரியே இருக்கு, ஹார்லனோட உயிர்தான் இல்லை. குழுவால ஒத்துக்க முடியல."

அவள் போனை வைத்துவிட்டு அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு. பிறகு, "வண்டியை எடு" என்றாள்.

குழு அன்று தீயணைப்பு நிலைய மண்டபத்தில் கூடியிருந்தது. கோழியும் சோளமும் போட்ட சூப் மணம் மண்டபம் முழுக்க. டாக்டரும் இன்னும் மூன்று பேரும் கிண்ணங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். லவீனா நின்றுகொண்டே சொன்னாள்:

"ஹார்லன் கொம்பு எதையும் ஹார்லன் கீறலை. எல்லாம் நான் கீறினது."

ஒருவர் கரண்டி பாதி வழியில் நின்றது. டாக்டர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உட்காருங்க லவீனா. துக்கம் மனசை என்னென்னவோ பண்ணும்."

"என் மனசுக்கு ஒண்ணும் ஆகலை. பாருங்க."

கைப்பையிலிருந்து ஊசியையும் கரிப் பொட்டலத்தையும் ஒரு கொம்பையும் எடுத்தாள். ஹார்லன் கடைசியாகச் சுரண்டி, கட்டை அடைத்து, பெயர்கூட இல்லாமல் வெறுமையாக விட்டுப்போன கொம்பு. ஏப்ரனை விரித்து மடியில் வைத்துக்கொண்டு கீறினாள். முதலில் திரும்பிப் பார்க்கும் மானின் கழுத்து. அப்புறம் காது. ஒரு முன்னங்கால் தூக்கி, ஓடலாமா நிற்கலாமா என்று யோசிக்கிற மான். பென்சில் இல்லை, அளவு இல்லை. கரியைத் தேய்த்துத் துடைத்து மேசையில் வைத்தாள். சூப் ஆறிப்போயிருந்தது. குழுவில் இருந்த, துப்பாக்கி செய்கிறவர் ஒருவர் முணுமுணுத்தார்: "அப்படியே அவர் கை."

டாக்டர் கொம்பைக் கையில் எடுத்தார். பொய் சொல்ல மாட்டேன், அவர் கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவு அருமையா கத்துக் குடுத்திருக்கார் உங்களுக்கு!"

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "யோவ் டாக்டர்! கண்ணைத் திறந்து பாருமையா. அந்த மனுஷனுக்கு ஊசி பிடிக்கவே வராது. கத்துக் குடுத்தாராம்!"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. என் பக்கம் திரும்பி, மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி சொன்னார்: "நெட்டி, என் வீட்டு அலமாரியில இருக்கறதெல்லாம் ஹார்லன் கொம்பு. நான் எழுதின புத்தகத்துல இருக்கறதும் ஹார்லன் கொம்பு. அது ஹார்லனோடதாத்தான் இருக்கணும்." மற்றவர்கள் கிண்ணத்துக்குள் பார்த்தார்கள். அவர்கள் வீட்டு அலமாரிகளிலும் அதே கொம்புகள் இருந்தன.

"இதைச் சந்தையில ஹார்லனுக்காகப் போடற அஞ்சலி மேசையில வச்சுக்கட்டுமா?" என்று டாக்டர் கேட்டார். லவீனா தலையாட்டினாள். ஏன் ஆட்டினாள் என்று அவளை வழியெல்லாம் திட்டினேன். அவள் கார் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

செப்டம்பரில் எந்தக் கடைப் பலகையிலும் அவள் பெயர் இல்லை. அஞ்சலி மேசையில், கண்ணாடிப் பெட்டிக்குள், மான் இருந்தது. கீழே அட்டை: 'ஹார்லன் புரூபேக்கர். முடிக்காமல் விட்டுப்போன கடைசி வேலை.' லவீனா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். வெளியூர்க்காரி ஒருத்தி அவள் குல்லாயைப் பார்த்துவிட்டு, "நீங்கதான் அவர் மனைவியா? நீங்களும் ஏதாவது செய்வீங்களா?" என்று விசாரித்தாள்.

"காப்பி போடுவேன்" என்றாள் லவீனா.

சாயங்காலம் என் கடையைக் கட்டும்போது டாக்டர் எங்கள் பக்கம் வந்து, வீட்டுக் கொட்டகையில் ஹார்லன் முடிக்காமல் விட்ட கொம்பு இன்னும் ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டார். லவீனா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு, "தேடினா கிடைக்கும்" என்றாள்.

அன்றிலிருந்து கிடைத்துக்கொண்டே இருக்கிறது. குளிர்காலம் வந்தால் ஜன்னலோரம் உட்காருவாள். இப்போது சுரண்டுவதும் அவளே, கட்டை அடைப்பதும் அவளே, ஓரத்தில் செத்தவன் கையெழுத்தைக் கீறுவதும் அவளே. ஹார்லன் போய் வருஷங்கள் ஆகிவிட்டன, முடிக்காமல் விட்ட கொம்பு மட்டும் தீரவில்லை. அது எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வெட்கமாக இல்லையா என்று நான் மட்டும் கேட்டேன்.

"பேர் வராதுன்னு ஆயிடுச்சு. வேலையையும் விட்டுட்டா நான் யாருடி?" என்றாள். வீட்டுக்கு வந்து அழுதேன்.

போன நவம்பரில் நான் அங்கே இருந்தபோது டாக்டர் புதுக் கொம்பை வாங்கிப்போக வந்திருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் வயதாகிவிட்டது.

"தப்பா நினைக்காதீங்க லவீனா," என்றார், "ஆரம்பத்துல பண்ணினதெல்லாம் இதுக்குப் பக்கத்துல நிக்காது. கடைசிக் காலத்துலதான் அவருக்குக் கை நல்லா வந்திருக்கு."

லவீனா அவர் கோப்பையில் காப்பியை ஊற்றினாள்.

"ஆமா டாக்டர். உயிரோட இருந்தவரைக்கும் இவ்வளவு நல்லா வரலை."

"அதேதான் நானும் சொல்றேன்" என்று அவர் தலையை ஆட்டினார்.