டிரம்முக்குள் ஓடிய படகு மோட்டார்

எங்கள் வீட்டில் படகு கிடையாது. படகு மோட்டார் மட்டும் இருந்தது. பெங்களூர் அல்சூரில், ஐந்து குடித்தனங்கள் இருந்த காம்பவுண்டு வீட்டில், மாடிப்படிக்குக் கீழே சாக்கில் சுற்றி ஆறு வருஷம் கிடந்தது. மாமா மங்களூரில் மீன்பிடிப் படகுகளில் வேலை செய்தபோது வாங்கியது. வளைகுடாவுக்குப் போகையில் அக்கா வீட்டில், அதாவது எங்கள் வீட்டில், போட்டுவிட்டுப் போனார்.

எனக்குப் பத்து வயதானபோது மாமா ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தார். எட்டு மாதமாகியும் வேலை கிடைக்கவில்லை. அவருக்கும் அப்பாவுக்கும் ஒருநாள் ஏதோ வாக்குவாதம் நடந்திருக்க வேண்டும். அதன் பிறகு இருவரும் என் வழியாகவே பேசிக்கொண்டார்கள். மாமா இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்க, "உங்க மாமாவைச் சாப்பிடச் சொல்லு" என்பார் அப்பா. எனக்கு அது பெரிய உத்தியோகம் போல இருந்தது.

அப்போதுதான் ஓசூர் பக்கத்து ஏரி ஒன்றில் படகு விடும் ஒருவர், மோட்டாரோடு வந்தால் வேலை தருவதாகச் சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை அவரே நேரில் வந்து மோட்டாரைப் பார்ப்பதாக ஏற்பாடு.

மாமா சாக்கைப் பிரித்தார். இழுத்துக் கிளப்பும் கயிறு கையோடு அறுந்து வந்தது. பழைய பெட்ரோல் கார்புரேட்டருக்குள் வேப்பம்பிசின் போல இறுகியிருந்தது. தண்ணீரை உறிஞ்சும் ரப்பர் சக்கரம் தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது. புதுச் சக்கரத்துக்காக ஜே.சி. ரோட்டில் மூன்று நாள் அலைந்தார். ஒரே ஒரு கடையில் ஒன்றே ஒன்று கிடைத்தது.

கார்புரேட்டர் மட்டும் அவர் கைக்கு அடங்கவில்லை. அம்மா கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். "இங்க குடு. உன் கை சுத்தியலுக்குத்தான் லாயக்கு" என்று பிடுங்கிக்கொண்டாள். கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்தி, தலைமுடி போன்ற கம்பியால் ஒவ்வொரு துளையாகக் குத்திச் சுத்தம் செய்தாள்.

சனிக்கிழமை மதியம், முற்றத்துக் குழாயடியில் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை விளிம்பில் மாட்டினார் மாமா. காம்பவுண்டே கூடிவிட்டது. இழுத்தார், இழுத்தார், சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. திடீரென்று இருமியது, நீலப்புகை கக்கியது, பிறகு ஒரே உறுமல். பக்கத்து வீட்டம்மா "ஏன்ரீ இது!" என்று, என்னங்க இது என்பதைக் கன்னடத்தில் கத்திக் காதைப் பொத்திக்கொண்டார். செய்தித்தாளோடு உள்ளே இருந்த அப்பாவும் வாசற்படி வரை வந்து நின்றார்.

ஆனால் மாமா சிரிக்கவில்லை. மோட்டாரின் பக்கவாட்டில் இருந்த ஒரு சிறு துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று அணைத்தார்.

"இந்த ஓட்டையில தண்ணி பீச்சணும் அக்கா. வரலைன்னா உள்ளே சூடேறி மோட்டார் இறுகிடும். சக்கரம்தான் சரியில்ல போல. வேற சக்கரத்துக்கு எங்க போவேன்?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தத் துளையை எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்து வயதில், படிக்குக் கீழே தனியாக விளையாடும்போது, அறுந்துபோன என் பாசிமாலையின் மணிகளை அதற்கு ஊட்டியிருக்கிறேன். சொன்னால் அடி விழும். அதைவிட, மோட்டார் ஓடினால் மாமா போய்விடுவார். எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்து, ஒட்டகக் கதை சொல்லும் மாமா. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவர் எங்களோடேயே இருப்பார். அப்படித்தான் இருக்க நினைத்தேன். ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"அதுல நான் மணி போட்டேன்" என்றேன்.

"என்னடி சொல்றே?" என்று அம்மா கையை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியிலேயே திரும்பி, கம்பியைத் தேடிப் போயிற்று. நுனியைக் கொக்கியாக வளைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு துழாவினாள். பச்சை மணி ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று.

மாமா மறுபடி இழுத்தார். இரண்டாவது இழுப்பிலேயே மோட்டார் கிளம்பியது. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு அந்தத் துளையிலிருந்து பென்சில் தடிமனுக்குத் தண்ணீர் வளைந்து பாய்ந்து, வாசற்படி வரை வந்து அப்பாவின் வேட்டியை நனைத்தது.

"மச்சான், தண்ணி வருது! தண்ணி வருது!" என்று அப்பா கத்தினார்.

மாமா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். என்னை அடிக்க வேண்டும் என்பது யாருக்கும் நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்காரர் வந்து பார்த்துத் தலையசைத்தார். திங்கட்கிழமை மாமா ஓசூர் பஸ் ஏறினார். மோட்டாரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, பஸ் வரை அப்பாவே தோளில் சுமந்து போனார். நான் மட்டும்தான் அழுதேன்.

அடுத்த மாதத்திலிருந்து அப்பா ஒரு புதுப் பழக்கம் வைத்துக்கொண்டார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கட்டிக்கொடுக்கும் சோற்று மூட்டையோடு, "மோட்டார் எப்படி ஓடுதுன்னு பார்த்துட்டு வரேன்" என்று ஓசூருக்குக் கிளம்பிவிடுவார். பொழுது சாய, வெயிலில் கறுத்து, உற்சாகமாகத் திரும்புவார். கேட்டால் "நல்லா ஓடுது" என்பதோடு சரி. வீட்டில் ஃபியூஸ் போனால்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மனிதருக்கு, ஒரு மோட்டாரின் மேல் திடீரென்று அத்தனை அக்கறை எப்படி வந்தது என்று நான் வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.