காகிதப்பூ தந்த உத்தரவு

எதிர்வீட்டுக்காரர் மதிலோரம் காகிதப்பூக் கொடி வைத்திருக்கிறார். தினமும் இரண்டு குடம் ஊற்றுகிறார். ஒரு பூ இல்லை. நானும் நாலு முறை சொல்லிவிட்டேன். அந்தக் கொடிக்கு வேர் காய வேண்டும். தண்ணீர் மிகுந்தால் முள்ளும் இலையுமாக ஏறும், வாடவிட்டால்தான் பூக்கும். அதிலும் நாம் பூ என்று சொல்வது நிறம் மாறிய மூன்று இலைகளைத்தான். நடுவில் நிற்கும் மூன்று சிறு வெள்ளைக் குழல்களே பூ. இதையெல்லாம் கேட்க ஆளில்லை. எனக்கும் சொல்லி அலுத்துவிட்டது.

செஞ்சியில் எங்கள் வீட்டு வாசலிலும் அந்தக் கொடி இருந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. அக்காவை அம்மாவின் தம்பிக்கே கொடுப்பதாகப் பேச்சு. மாமா அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர். அக்காவுக்கு டீச்சர் டிரெயினிங் சேர ஆசை. ஒருமுறை சொன்னாள், நைனா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோயிலில் பூக்கேட்டார்கள். சாமி தலையில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். அது விழவே இல்லை. பூசாரி காத்திருந்து களைத்துப் போனார். அம்மா விடவில்லை. வாசல் கொடி பூத்தால் அதையே உத்தரவாக எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

அன்று முதல் அக்கா காலையும் மாலையும் கொடிக்குத் தண்ணீர் சுமந்தாள். மாமா வரும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பூரித்துப்போவார்.

"பாத்தியாக்கா, உம் பொண்ணுக்கு இன்னா அவசரம்னு," என்று அம்மாவிடம் சிரிப்பார்.

அக்கா போய் இன்னொரு குடம் கொண்டுவருவாள். கொடி கூரைவரை தழைத்தது. மொட்டுகூட இல்லை.

சித்திரையில் பெரியம்மா மகளுக்குப் பிரசவம் என்று அக்காவைப் பனமலைக்கு அனுப்பினார்கள். கொடிக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றும்படி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த வாரமே கிணறு வற்றியது. குடிக்கிற தண்ணீருக்கே தெருக்குழாயில் சண்டை. கொடியை யார் நினைப்பார்கள்? இலை உதிர்ந்தது. பிறகு கொடி முழுக்கச் சிவந்தது. எண்ணத் தொடங்கிய நான் நூற்றுக்கு மேல் விட்டுவிட்டேன். அம்மா கொடிக்குக் கற்பூரம் காட்டினாள். மாமா வீட்டில் நாள் குறித்துவிட்டார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்த அக்கா, கொடியைக் கண்டதும் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். நான் ஓடினேன்.

"தண்ணி ஊத்தலயாடா?" என்றாள்.

"கெணத்துல தண்ணியே இல்லக்கா. ஊத்தாமயே பூத்துடுச்சி பாரு."

பையைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தடவினாள். சத்தியம் தவறியதற்கு அடி விழும் என்று நினைத்திருந்த எனக்கு அதுவே பெரிய நிம்மதி. அக்கா சந்தோஷத்தில் அழுகிறாள் என்று வீட்டுக்குள் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.