ஆணி அடித்த மாடம்

ஆடிக் காற்றில் பல்லிடுக்கில் நறநறக்கும் மண்ணின் ருசிதான், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளின் நந்திதுர்க் லைன் வீட்டில் கழிந்த என் பத்தாவது வயதை நினைத்தால் முதலில் நாக்கில் வருகிறது. சுரங்கக் கழிவு குவிந்த அந்த மலைக்கு எங்களிடம் "சயனைட் மேடு" என்று பெயர்; காற்றடித்தால் சோற்றிலும் விழும். சுரங்கத்தை மூடிவிட்டார்கள் என்றாலும், பாதாளத்தில் எங்கோ பாறை வெடித்து வீடு குலுங்கும், தட்டுகள் உருளும். "ஏர்பிளாஸ்ட்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம்.

அப்படி ஒரு வெடிப்பில்தான், சுரங்கம் மூடுவதற்குச் சற்று முன்னால், அப்பாவின் கூட்டாளி முனிரத்தினம் மாமா உள்ளே மாட்டிக்கொண்டார். அன்று அது அப்பாவின் ஷிப்ட். காய்ச்சலென்று மாமாவோடு மாற்றிக்கொண்டிருந்தார். மாமாவின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து, படமும் விளக்கும் பூஜை மணியும் இருந்த சாமி மாடத்தின் மேல் பலகை வைத்து ஆணி அடித்தார். "அவனும் உள்ளயே கெடக்கட்டும். மாட்டிக்கினா எப்படி இருக்கும்னு தெரியட்டும்" என்றார்.

அதன்பிறகு அவர் எங்களிடம் பேசியது சொற்பம். தினமும் பகல் இரண்டு மணிக்கு, சங்கே ஊதாத ஷிப்டுக்குத் தொப்பி மாட்டிக் கிளம்பி, பாதாளத்துக்கு இறங்கும் பழைய ஷாஃப்டின் வேலியோரம் குந்திக்கொள்வார். அந்த வேலியில் ஆள் நுழையுமளவு ஓட்டை இருந்தது. "ஒரு நாளு குதிச்சுடுவாரு" என்று அம்மா அழுவாள். அவரைக் கூட்டிவருவது என் வேலை.

ஒரு நாள் அம்மா பங்காருபேட்டைக்குத் தையல் வேலைக்குப் போயிருந்தாள். தொப்பியோடு வாசலுக்கு வந்த அப்பா, வழக்கமில்லாத வழக்கமாக என் தலையைத் தடவினார். "போய்ட்டு வரேன்" என்று சொல்லவில்லை. "போறேன்" என்றார்.

அப்போதுதான் வீடு குலுங்கியது. பலகைக்குப் பின்னால் மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நிதானமாக, கையால் பிடித்து அடிப்பதுபோல. சுரங்கத்தில் ஆளை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜில் ஆள் ஏறிவிட்டான், மேலே இழு என்று கீழேயிருந்து அடிக்கிற மணி அது. எங்கள் லைனில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "யாருப்பா?" என்றார் பலகையிடம். பிறகு ஒரே ஒரு ஆணியைப் பிடுங்கி, பலகையை ஒரு விரல் அகலம் நகர்த்தி, கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். அந்தச் சந்தில் வாயை வைத்து, ஷிப்டில் பேர் கூப்பிட்டால் சொல்வதுபோல், "இருக்கேன்" என்றார். என்னிடம் திரும்பி, "அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

அன்று அவர் ஷாஃப்டுக்குப் போகவில்லை. மறுநாள் இரண்டு மணிக்கும் அதே சந்தில் "இருக்கேன்". அவ்வளவுதான் அவர் பக்தி. கோயில் குளம் கிடையாது, பலகையைக்கூட முழுதாக எடுக்கவில்லை. ஆனால் முனிரத்தினம் மாமாவின் மனைவியிடம் போய், மறைத்துவைத்திருந்த ஷிப்ட் மாற்றிய கதையைச் சொல்லி அழுதார். ரயிலேறிப் பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். என் கல்யாணத்தில் வாய்விட்டுச் சிரித்தார்.

போன மாதம் அப்பா காலமானார். சங்கு இல்லை, கேஜ் இல்லை, சுரங்கம் முழுக்கத் தண்ணீர்; ஏர்பிளாஸ்ட்கூட அடங்கிவிட்டது. வீட்டைக் காலிசெய்ய மீதி ஆணிகளைப் பிடுங்கினேன். உள்ளே முருகன் படம், காய்ந்த அகல், தூசி.

"மணி எங்கம்மா?"

"மணியா? அவரு ஆணி தேடப் போனப்பவே நான் எடுத்து மாரியம்மன் கோயில்ல குடுத்துட்டேனே. இன்னாத்துக்குக் கேக்கற?"

குலுக்கலில் மணி அசைந்தது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அன்று சந்தில் கண்ணை வைத்த அப்பாவுக்கு, உள்ளே மணி இல்லை என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

எனக்கும் சாமிக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் பகல் இரண்டானதும், அந்த வெறும் மாடத்தின் பக்கம் குனிந்து, "இருக்கேன்" என்றேன்.