அம்மனிடம் கேட்ட கேள்வி

என் மனைவிக்கு முப்பத்தைந்து வயதிலேயே நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், வந்துவிட்டது. சீனியைக் குறைக்கும் குளிசை போட்டால் சாப்பிட வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். இருந்தும் அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கு நடந்த அன்று காலை, பழக்க தோஷத்தில் குளிசையையும் தண்ணீரையும் எடுத்துக் கொடுத்தேன். அவளும் விழுங்கினாள். கோயிலுக்குப் போகும் வழியில்தான் அவள் விரதம் என்பது உறைத்தது. "பூசை முடிஞ்ச உடனே ஏதாவது சாப்பிடு" என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். சண்டைக் காலம். சடங்குக்கு வந்தவர்களில் பாதிப் பேர் யாரையாவது தொலைத்தவர்கள். சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் என் தம்பியைக் கொண்டுபோய் எட்டு மாதமாகியிருந்தது.

உச்சிப் பூசையில் பறை முழங்கியபோது, பெண்கள் வரிசையில் நின்ற என் மனைவி நடுங்கத் தொடங்கினாள். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கண்கள் எங்கேயோ பார்த்தன.

"தெய்வம் வந்திட்டு!" என்றாள் ஒருத்தி. பூசை செய்த கட்டாடியார் ஓடிவந்து வேப்பங்குழையை அவள் கையில் வைத்தார். ஆட்கள் காலில் விழுந்தார்கள்.

"தாயே, என்ட மகன் உசிரோட இரிக்கானா?"

அது அம்மன் அல்ல, சீனி இறங்குகிறது என்று பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் சர்க்கரை கரைத்த பானக்கக் குடம் இருந்தது. ஒரு செம்பு மொண்டு கொடுத்திருந்தால் போதும். நான் கொடுக்கவில்லை. மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னே போய்க் கைகூப்பினேன்.

"தாயே, தம்பி வருவானா?"

நாக்குத் தடித்தவள்போல அவள் சொன்னாள்: "வருவான்."

அத்தோடாவது விட்டிருக்கலாம். "எப்ப?" என்று கேட்டேன். அதற்குள் அவள் சரிந்துவிட்டாள்.

"சீனி குறைஞ்சிட்டு, தோணியை எடுங்க!" என்று கத்தினேன்.

"என்ன வாத்தியார், அம்மனுக்குமா சீனி வருத்தம்?" என்றார் கட்டாடியார். ஆனாலும் அவளுடைய கால்மாட்டைப் பிடித்துத் தூக்கியவர் அவர்தான்.

வாவியைக் கடந்து, துறையில் ஆமிக்காரரிடம் அடையாள அட்டை காட்டி, புளியந்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய சற்று நேரத்தில் கண் விழித்தாள். அந்தக் குளிசை உடம்பில் நின்று மறுபடியும் சீனியை இறக்கும், ஆகவே மூன்று நாள் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார் டொக்டர்.

அந்த மூன்று நாட்களை இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. யன்னலுக்கு வெளியே வாவி. பகலெல்லாம் அவளருகில் சும்மா இருந்தேன். கல்யாணமான நாள்முதல் நாங்கள் அப்படி இருந்ததில்லை. பக்கத்துக் கட்டிலில் ஏறாவூரிலிருந்து வந்த முஸ்லிம் உம்மா ஒருவர்.

"எனக்குச் சீனி கூடி வந்திரிக்கன், உனக்குக் குறைஞ்சு வந்திரிக்காய். ரெண்டு பேரையும் ஒரு சட்டிக்க போட்டுக் கலக்கினா ஒரு சுகமான மனிசி வருவா புள்ள!"

என் மனைவி சிரித்துச் சிரித்துச் சேலைன் ஊசி கழன்று, தாதி மிஸியிடம் மூவருமே ஏச்சு வாங்கினோம்.

மூன்றாம் நாள் அவள் கேட்டாள்: "இஞ்சாருங்க, தெய்வம் வந்து நான் என்ன சொன்னன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். பானக்கக் குடத்தையும் மறைக்கவில்லை. அவள் சேலைன் துளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, நான் போட்ட குளிசை அந்த நேரமும் உங்களுக்கு ஞாபகம் இருந்திரிக்கு."

"ஓம்."

"தம்பியக் கேட்டது பிழையில்ல" என்றாள். சோற்றுப் பார்சலைக் கேட்டு வாங்கி, எனக்கும் பாதி பிரித்துத் தந்தாள்.

தம்பி வரவில்லை. அவள் அதற்குப் பிறகு பதினாறு வருடம் என்னோடு வாழ்ந்தாள். ஒருநாளும் அதைக் குத்திக் காட்டியதில்லை. ஆனால் விரதம் பிடிக்கும் நாட்களில், விடிந்ததும் வேலியடிக்குப் போய்ப் பக்கத்து வீட்டு மச்சாளைக் கூப்பிடுவாள்.

"மச்சாள், இண்டைக்கு நான் சாப்பிடல்ல. என்னை ஒருக்காப் பாத்துக்கங்க."

நான் விறாந்தையில்தான் இருப்பேன். எனக்குக் கேட்கும்.