சுவீடன் பாட்டு வென்ற சனிக்கிழமை

என் மேசை இழுப்பறைக்குள் ஒரு கசெட் கிடக்கிறது. ஒரு பக்கத்தில் நீல மையால் "சுவீடன் பாட்டு" என்று எழுதியிருக்கிறது. மறுபக்கத்தில் "உங்கடை பக்கம்". எழுதிய பெண்ணை நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஈழத்துச் சனம் கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி அனுப்பும். ஒரு பக்கத்தில் தங்கள் கதையைச் சொல்லிவிட்டு மற்றப் பக்கத்தை வெறுமையாக விடுவார்கள். கிடைத்தவர் அதில் பதில் பேசித் திருப்பி அனுப்ப வேண்டும்.

இந்தக் கசெட் வந்தது அண்ணைக்கு. கூடப்பிறந்தவர் இல்லை. எண்பதுகளின் கடைசியில் லண்டன் வெஸ்ட் ஈலிங்கில் எங்கள் வீட்டுக் கீழறையில் வாடகைக்கு இருந்தவர், பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை. எனக்கு ஆங்கிலம் ஓரளவு ஓடும் என்பதால் அகதி விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பேன். என் கையெழுத்து வடிவு என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அதில் நல்ல தலைக்கனம்.

அவருடைய விண்ணப்பத்தில் கலியாணம் ஆனதா என்ற கேள்வி வந்தது. "கட்டேல்லை எண்டு போடும் தங்கச்சி. என்னைக் கொண்டுவந்த ஏஜென்ட் அப்பிடித்தான் சொன்னவன்" என்றார். மனைவி ஊரில் இருக்கலாம் என்றால் உனக்கு மட்டும் என்ன ஆபத்து என்று கேட்பார்களாம். தாலி கட்டிய அன்று எடுத்த படம் அவருடைய சட்டைப்பையில் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். ஆனாலும் 'இல்லை' என்று வடிவாக எழுதி, மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்தையும் வைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து அவர் மனைவி வேறொரு ஏஜென்ட்டோடு லண்டனுக்கு வெளிக்கிட்டா. அவன் சுவீடனில் இறக்கிவிட்டுத் தலைமறைவாகிவிட்டான். கணவர் லண்டனில் இருக்கிறார் என்று அவ அங்கே உண்மையைச் சொன்னா. சுவீடன் அதிகாரிகள் இங்கே விசாரித்தார்கள். அந்த ஆள் கலியாணமாகாதவர் என்று பதில் போனது. கோயிலில் கட்டிய கலியாணம், பதியவில்லை. அல்பம் வீட்டோடு எரிந்துவிட்டது; மிஞ்சிய ஒரு படம் அண்ணையின் சட்டைப்பையில், அதை வெளியில் எடுத்தால் அவருடைய பொய் பிடிபடும். ஆக, அவ பொய்க்காரி, என் எழுத்து சாட்சி.

அந்த மே மாதத்தில்தான் ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான பாட்டுப் போட்டி. சனிக்கிழமை மறக்காமல் ரீவி பார்க்கச் சொல்லி அவ எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தா. அங்கே அகதி முகாமில் சுவீடன் மொழி படித்துக்கொண்டிருந்தா. அண்ணை ஷிப்டை மாற்றிக்கொண்டு எங்களோடு வந்து இருந்தார். சுவீடன் பாட்டு வந்தபோது எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. "ஒருத்தி தன்ரை ஆளை நினைச்சுப் பாடுறாளாம்" என்று அவர்தான் வெட்கத்தோடு சொன்னார். புள்ளிகள் சொல்லச் சொல்ல விரலை மடக்கினார். கடைசியில் சுவீடனும் இன்னொரு நாடும் சமமாக வந்து நிற்க, மனிசன் எழும்பி, அம்மன் சன்னிதியில் நிற்பதுபோலக் கைகூப்பி நின்றார். சுவீடன் வென்றது. இனி எல்லாம் சரிவரும், வென்ற நாட்டில்தான் அடுத்த வருசம் போட்டியாம், அதற்கு முன்னம் அவ இங்கே வந்திடுவா என்றார். நாங்களும் ஓம் ஓம் என்று சொல்லிச் சிரித்தோம்.

பிறகு கசெட் வந்தது. பாட்டை முகாம் ரீவியிலிருந்து பதிந்திருந்தா. மறுபக்கத்தில் நல்ல செய்தியோடுதான் பேசுவேன் என்று அண்ணை அதைப் பத்திரப்படுத்தினார்.

அவவைக் காப்பாற்ற, முதல் விண்ணப்பத்தில் பொய் எழுதியதை ஒப்புக்கொண்டு திருத்தலாம் என்றார் அண்ணையின் வழக்கறிஞர். ஆனால் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டால் முழுக் கதையையும் நம்பாமல் விடலாம் என்றும் சொன்னார். அண்ணை பின்வாங்கவில்லை.

"என்னைத் திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை. எழுதும் தங்கச்சி."

பயந்தது நான். அப்போது என் விசாவும் முடிவாகாமல் கிடந்தது. அந்தப் பொய்யின் கீழே இருந்தது என் கையெழுத்து. "முதல்லை உங்கடை கேஸ் முடியட்டும் அண்ணை, பிறகு திருத்துவம்" என்றேன், ஏதோ அவருடைய நன்மைக்குச் சொல்வதுபோல. அவர் கீழே இறங்கிப் போனார்.

அடுத்த வசந்தத்துக்கு முன்னமே அவவைச் சுவீடனிலிருந்து கொழும்புக்குத் திருப்பி ஏற்றிவிட்டார்கள். லொட்ஜ் ஒன்றிலிருந்து ஒரு தரம் போன் எடுத்தா. அந்தக் கிழமையே பொலிஸ் சுற்றிவளைப்பில் அங்கிருந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. மே மாதம் போட்டி சுவீடனில் நடந்தது. கீழறையில் ரீவி சத்தம் கேட்டது. இறங்கிப் போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

மூன்று வருடத்துக்குப் பிறகு, இங்கே தங்கலாம் என்று அவருக்குக் கடிதம் வந்தது. எனக்கு அது முன்னமே கிடைத்திருந்தது. சட்டன் என்ற ஊருக்கு வீடு மாறிப்போகிற அன்று படியேறி வந்து கசெட்டை என் கையில் தந்தார்.

"நீர் உமக்காகப் பயந்தனீர் எண்டு எனக்கு அப்பவே தெரியும். நானும் உம்மை வற்புறுத்தேல்லை. அவவுக்கு என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை, தங்கச்சி. மற்றப் பக்கத்திலை நீரே சொல்லும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது விண்ணப்பமெல்லாம் கணினியில். என் வடிவான கையெழுத்து யாருக்கும் தேவையில்லை. எப்போதாவது கசெட்டைப் போட்டுக் கேட்பேன். பாட்டு முடிய, முகாமில் யாரோ கைதட்டுவார்கள். பிறகு கிட்டவாக அவவின் குரல்: "பாட்டு முடிஞ்சுது. இனி நீங்கள் கதையுங்கோ."

திருப்பிப் போட்டு, பதிகிற பொத்தானை இரண்டு தரம் அமத்தியிருக்கிறேன். பிறகு கேட்டுப் பார்த்தால் அதில் இருப்பது நான் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும்தான்.