எதிர்காலத்திடம் வாங்கிய செங்கல்

என் தங்கை டோம்கே, ஜெர்மனியில் நோர்டன் என்ற ஊரில் பேருந்து ஓட்டுகிறாள். அவள் பேருந்தில் போனால் கையிலிருக்கும் தேநீர் சிந்தாது என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் நான் எழுத வந்தது அவள் உருவாக்கிய விளையாட்டைப் பற்றி.

மேசையில் பலகை விரித்து ஆடுவது. கடல் பொங்கி வரப்போகிறது. அதைத் தடுக்க ஆளுக்கொரு கரை கட்ட வேண்டும். செங்கல் போதாவிட்டால், எதிர்காலத்தில் இருக்கும் நம்மிடமே கடன் வாங்கலாம். அந்தக் காலம் வந்ததும் கால இயந்திரத்தில் பின்னே போய், வாங்கியதை வைத்துவிட்டு வர வேண்டும். வைக்காவிட்டால் காலத்தில் விரிசல் விழுந்து கரை ஒழுகும். முதலில் கரையை முடிப்பவருக்கு வெற்றி, அத்தோடு ஆட்டம் முடிந்தது.

செங்கல்களை மரத்தில் அறுத்துக் கொடுத்தது நான். டைல்ஸ் ஒட்டுவது என் தொழில். ஓரம் பிசிறடித்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஞாயிறுதோறும் தேநீருக்குப் பிறகு அம்மா வீட்டில் ஆடினோம். அம்மா அள்ளி வாங்குவாள், திருப்ப மாட்டாள். கேட்டால், கற்கண்டைக் கடித்தபடியே, "அடுத்த வாரத்து ஃபென்னாகிட்ட கேளுடா, அவ குடுப்பா" என்பாள். ஃபென்னா அவள் பெயர்தான். நான் விடுவேனா? திருப்பாத செங்கல்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். அடுத்த ஞாயிறு அத்தனை விரிசலோடு அவள் ஆட்டத்தைத் தொடங்குவாள். அதனால் கடனில் ஜெயிப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் லாபமாக இருந்ததில்லை.

எஸ்ஸன் நகரத்து விளையாட்டுச் சந்தையில் ரீக்கெனா என்ற பதிப்பக ஆசிரியை டோம்கேவுக்கு அரை மணி நேரம் தந்தார். பிடித்தால் மாதிரிப் பெட்டியைக் கையோடு எடுத்துப் போவார். பிடிக்காவிட்டால் கைகுலுக்கி அனுப்புவார். அங்கே அதுதான் முறை.

துணைக்குப் போன நானும் சேர்ந்து மூவரும் ஆடினோம். ரீக்கெனா விதிகளைப் படித்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சில சுற்றுகளிலேயே எதிர்காலத்திடமிருந்து வாரி வாங்கிக் கரையை முடித்துவிட்டார். ஒரு செங்கல்கூடத் திருப்பவில்லை. ஆட்டமே முடிந்த பிறகு விரிசல் என்ன செய்யும்?

"இவ்வளவு சுலபமா ஜெயிக்கலாம்னா, இதை யாரும் ரெண்டாவது தடவை ஆட மாட்டாங்க" என்று சொல்லிக் கையை நீட்டினார்.

டோம்கே அந்தக் கையைக் குலுக்கவில்லை. அவர் திருப்பாத செங்கல்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள்.

"அடுத்த ஆட்டத்துல இத்தனை விரிசலோடதான் நீங்க உக்காரணும். எங்க வீட்ல அப்படித்தான் ஆடுவோம், விதியில எழுதத்தான் மறந்துட்டேன். எங்கம்மா ஒரு வருஷமா ஒழுகுற கரையோட ஆடுறாங்க."

"ஜெயிச்சாங்களா?"

"முதல் தடவை கடன்ல ஜெயிச்சாங்க. அதுக்கப்புறம் இல்ல. ஆனா ஆட வராம இருந்ததும் இல்ல."

ரீக்கெனா சிரித்துவிட்டார். இன்னொரு ஆட்டத்துக்கு நேரமில்லை, அடுத்தவர் காத்திருந்தார். கையிலிருந்த செங்கல்களைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"கடனோட எழுந்து போறது எனக்குப் பழக்கமில்ல. பெட்டி என்கூட வரட்டும்."

ஊர் திரும்பும் ரயிலில் டோம்கே வெறுங்கையோடு உட்கார்ந்து வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஞாயிறன்று கேள்விப்பட்டதும் அம்மா முகமும் மலர்ந்தது. மகளை நினைத்து என்றுதான் நினைத்தேன்.

"பெட்டி போயிடுச்சா? அப்ப என் கடனும் போச்சு" என்றாள்.

நான் எழுந்து போய் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து அவள் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா அதைத் தொடக்கூட இல்லை.

"அது என்னோடது இல்லடா. அடுத்த வாரத்து ஃபென்னாவோடது."